தண்ணிக் கழிவு

மண்டபம் நண்டு கம்பெனியில்
எடை எழுதுவது என் வேலை.
பெட்டிக்கு முந்நூறு கிராம் தண்ணிக் கழிவு,
கால் உடைந்தது தனி,
சினை நண்டு வாங்குவதில்லை.
லாரி போன பிறகு தராசைக் கழுவிவிட்டு
செருப்பை அவிழ்த்து நானே ஏறி நிற்பேன்.
ஐஸ் தண்ணீர் உள்ளங்காலில் சுருக்கென்று ஏறும்.
எழுபத்தெட்டு இருநூறு.
தை மாதம் எண்பத்தொன்பது.

பதினோரு கிலோவுக்கு இருநூறு குறை.
கிட்டத்தட்ட ஒரு பெட்டி நண்டு.
அதைத் தூக்கிக்கொண்டா
இத்தனை வருஷம் மாடி ஏறினேன்?

குறைந்தது சந்தோஷம்தான்.
குறைந்த அன்றிலிருந்துதான் பயம்.

பாலம் தாண்டி, தங்கச்சிமடம் ஸ்டாப்பில் இறங்கினால்
ரூபஸ் கடைச் சட்டி.
சிவப்புப் பொடியில் புரண்ட காலிபிளவர்
எண்ணெயில் விழும் சத்தம்
தகரத்தில் மழை மாதிரி.
மூச்சைப் பிடித்துக்கொண்டு நடப்பேன்,
கருவாட்டுக் கொட்டகையைக் கடக்கும்
டூரிஸ்ட்காரர்களைப் போல.

வீட்டில் பரோட்டா பொட்டலம் பிரிக்கும்போது
விரலில் பட்ட சால்னாவை
சோப்புப் போட்டுக் கழுவுகிறேன்.
மகன் ஒளித்துவைத்த சிப்ஸ்
எந்த டப்பாவுக்குப் பின்னால் எத்தனை பாக்கெட்,
அவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

தவக்காலம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை.
நாற்பது நாள் கறி தொட்டதில்லை, மீன் தொட்டதில்லை.
அதற்குக் கடைசியில் ஈஸ்டர் இருக்கிறது,
நடுராத்திரி மணி அடித்தால்
விடியலில் பிரியாணி.
இதற்கு எந்த ஞாயிறு?

ஒரு துண்டில் ஒன்றும் ஆகாது என்கிறாள் நர்ஸ் டெல்பின்.
அவளுக்கு என்னைத் தெரியாது.
ஒரு துண்டு தின்றால் ஒரு பிளேட் தின்பேன்.
ஒரு பிளேட் ஆனதும், போனது போகட்டும், ரெண்டு பரோட்டா.
வள்ளத்தில் ஊசி ஓட்டை போதாதா?
கிறிஸ்மஸுக்குள்
பிடித்துத் தைத்த ஜாக்கெட் எல்லாம்
மறுபடி பிரிக்கக் கொடுக்க வேண்டும்.

போன வியாழன் கச்சான் பலத்துவிட்டது.
போட்டெல்லாம் கரையில். நண்டு வரத்தில்லை,
மூன்று மணிக்கே கம்பெனியை மூடினார்கள்.
மதியம் தின்றது சுரைக்காய்.
ரூபஸ் கடை முன்னால் கால் நின்றது.
"என்னக்கா, ஆளையே காணோம்?"
"அரை பிளேட்" என்றது யாரோ, என் குரலில்.

இலைத் துண்டில் ஏழு.
மேலே வெங்காயம், காற்று போட்ட மணலும் கொஞ்சம்.
கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு
நின்றபடியே தின்றேன்.
முதல் மூன்றுக்கும் கண் கலங்கியது,
காரம் பாதி.
நாலாவது நன்றாக இருந்தது.
ஐந்தாவது காலிபிளவர்.
ஆறாவதில் பழைய எண்ணெய் தெரிந்தது.
ஏழாவதையும் தின்றேன்,
காசு கொடுத்திருக்கிறேனே.

பிறகு காத்திருந்தேன்.
இன்னொரு பிளேட் கேட்கிறவள்
உள்ளேயிருந்து எழுந்து வருவாள் என்று
பர்ஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.
ராமேஸ்வரம் பஸ் ஒன்று போனது.
நாய் வந்து இலையை முகர்ந்தது, தும்மியது.
அவள் வரவில்லை.
வீட்டுக்குப் போய் மோர் குடித்துப் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை தராசில்
எழுபத்தெட்டு அறுநூறு.
நெஞ்சு அடித்துக்கொண்டது, பொய் சொல்லவில்லை.
இறங்கினேன். ஏறினேன். அதேதான்.
நோட்டு திறந்து கிடந்தது:
அந்தோணி ரீகன், பன்னிரண்டு கிலோ, கழிவு முந்நூறு.
சேசுராணி, பத்தரை, கழிவு முந்நூறு.
வலைக்காரர் ஒருத்தர் பாக்கியில்லாமல்
இந்தக் கழிவுக்கு என்னைத் திட்டியிருக்கிறார்கள்.

பென்சிலை எடுத்து
ஓரத்தில், பெயர் போடாமல்,
கழிவு முந்நூறு என்று எழுதினேன்.

மீதி நூறு
காலிபிளவர். இருக்கட்டும்.